தன் முறை வரும்போது மட்டும் கழிப்பறைக்கு ஓடும் பையன்: கணக்கு விளையாட்டில் எங்கே தப்பு செய்கிறேன்?

ஈசூன் கணக்குப்பிள்ளை

வணக்கம். நம் சிங்கப்பூர்த் தமிழ் இணைய மன்றத்தின் சமையல் பகுதியில் என்னைத் தெரிந்திருக்கும். சாம்பாரில் வெல்லம் போடலாமா என்று மூன்று பக்கத்துக்குச் சண்டை போட்டவள் நான்தான். பெற்றோர் பகுதிக்கு இப்போதுதான் முதல் முறை வருகிறேன். எனக்குப் பிள்ளைகள் இல்லை, ஆனால் கேள்வி பிள்ளைகளைப் பற்றித்தான். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஆசிரியை இல்லை. சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். போன ஜூன் விடுமுறையில் மேல்மாடிக்காரர், "அக்கா, சனிக்கிழமை ஒரு மணி நேரம் மகளைப் பார்த்துக்கொள்ள முடியுமா" என்று கேட்டார். எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் சதுரங்கக் கட்டம் போட்ட கல்மேசை இருக்குமே, அங்கே உட்கார்ந்து அவளுக்குத் தாயம் சொல்லிக்கொடுத்தேன். அடுத்த வாரம் இரண்டு பேர் வந்தார்கள். இப்போது ஏழு பேர். பாலர் பள்ளி இரண்டாம் ஆண்டில் ஒருவன், தொடக்கநிலை 1ல் மூன்று பேர், தொடக்கநிலை 2ல் மூன்று பேர். தமிழ்ப் பிள்ளைகள் மூவர், மலாய்ப் பிள்ளைகள் இருவர், சீனச் சிறுமி ஒருத்தி, அப்பா பஞ்சாபி அம்மா பிலிப்பினோ என்று ஒருவன். பேச்சு ஆங்கிலத்தில்தான். தமிழ்ப் பிள்ளைகள் என்னிடம் பாதிப் பாதியாகக் கலந்து அடிப்பார்கள்.

மூன்று விளையாட்டுகள் நானே செய்து வைத்திருக்கிறேன். முதலாவது, நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் 1 முதல் 100 வரை வரைந்த பரமபதம். இரண்டாவது, போத்தல் மூடிகளை வைத்துக் 'கடை'. பச்சை மூடி 1, சிவப்பு மூடி 5, மஞ்சள் மூடி 10. மூன்றாவது 'தட்டு'. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார வேண்டும், நான் ஒரு கூட்டல் சீட்டைக் காட்டுவேன், முதலில் பாயைத் தட்டி விடை சொல்பவருக்குச் சீட்டு. மற்றவர்கள் சுற்றி நின்று கத்துவார்கள். கூட்டம் சேர்வது இந்தத் 'தட்டு'க்காகத்தான். நாலு பேர் அதற்காகவே வருகிறார்கள்.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். தொடக்கநிலை 2 பையன் ஒருவன். தங்கமான பிள்ளை, ஆரஞ்சு உரித்து எல்லாருக்கும் கொடுத்துவிட்டுத்தான் தான் சாப்பிடுவான். தன் முறை நெருங்கினால் மட்டும் "ஆன்ட்டி, டாய்லெட்" என்று எழுந்துவிடுவான். கீழ்த்தளத்தில் கழிப்பறை கிடையாது. அவன் வீடு ஒன்பதாவது மாடி. லிஃப்டில் போய்விட்டு வருவதற்குள் ஆட்டம் முடிந்திருக்கும். முதல் மாதம் நான் நிஜமாகவே பயந்துபோய் அவன் அம்மாவிடம் "சிறுநீர்ப் பரிசோதனை செய்துபாருங்கள்" என்று சொல்லிவிட்டேன். பாவம், அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அரசு பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப்போனார். ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தக் கூச்சம் எனக்கு இன்னும் போகவில்லை.

அப்புறம்தான் தொழில் புத்தி வேலை செய்தது. நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைத்தேன். நாலு சனிக்கிழமைகளில் 11 முறை போயிருக்கிறான். 'தட்டு' நடக்கும்போது 7, 'கடை' 3, பரமபதம் 1. சாப்பிடும்போதும் கதை பேசும்போதும் பூஜ்யம். சிறுநீர்ப்பைக்கு இவ்வளவு நேரம் பார்க்கத் தெரியாது.

இவன் ஒருவன் இல்லை. தொடக்கநிலை 1 மலாய்ப் பையன் 'கடை'யில் 5 கேட்டால் 1 கொடுப்பான், 1 கேட்டால் 5 கொடுப்பான். விளையாட்டுத்தனம் என்று நினைத்து ஒரு நாள் அதட்டிவிட்டேன். மேல்மாடிச் சிறுமியோ பாம்பு கடித்தால் மேசைக்கு அடியில் போய்விடுகிறாள். கல்மேசையில் பகடை விழும் சத்தத்துக்கே காதைப் பொத்துகிறாள். பாலர் பள்ளிக் குட்டி தான் நிற்கும் கட்டத்தையே 'ஒன்று' என்று எண்ண ஆரம்பிக்கிறான். இன்னொருத்தி எல்லாவற்றையும் முதலில் முடித்துவிட்டு "போர்" என்கிறாள்.

கெட்டிக்கார மேசை, மற்றவர் மேசை என்று இரண்டாகப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. ஏழு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து விளையாட வழி உண்டா? செலவு மாதம் 20 வெள்ளிக்குள் (டாலர்) இருக்க வேண்டும், என் கைக்காசு.

பாய லேபார் அப்பா

இதற்கெல்லாம் இலவசச் செயலிகள் நிறைய இருக்கின்றன. ஆளுக்கு ஒரு கைக்கணினி கொடுத்தால் அவரவர் நிலைக்கு ஏற்ப அதுவே கேள்வியை மாற்றிக்கொள்ளும். எதற்கு இவ்வளவு சிரமம்?

ஈசூன் கணக்குப்பிள்ளை

தம்பி, ஏழு பிள்ளைகளும் வீட்டில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கீழே வருவதே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத்தான். அப்புறம், 20 வெள்ளியில் ஏழு கைக்கணினி எங்கே கிடைக்கும் என்று சொன்னால் நானும் இரண்டு வாங்குகிறேன்.

ஓய்வுபெற்ற சாக்பீஸ்

கணக்குப்பிள்ளை அம்மா, 26 ஆண்டு தொடக்கப்பள்ளியில் இருந்தேன். கடைசி எட்டு ஆண்டு தொடக்கநிலை 1ல் கணக்கில் பின்தங்கி வரும் பிள்ளைகளுக்கான ஆதரவு வகுப்புதான் என் வேலை. உங்கள் நோட்டுப் புத்தகம் மாதிரி ஒன்றை எங்களில் பலர் வைத்ததில்லை. அதிலேயே பதில் பாதி இருக்கிறது.

'தட்டு' கணக்கு விளையாட்டு இல்லை, கை வேக விளையாட்டு. ஒருவர் தட்டியவுடன் எதிரே இருப்பவர் மூளையும் வேலையை நிறுத்திவிடுகிறது. மெதுவாக யோசிக்கும் பிள்ளை 8+5க்குக் கடைசி வரை விடை காண்பதே இல்லை, ஒவ்வொரு முறையும் பாதியில் பிடுங்கப்படுகிறது. சுற்றி நின்று கத்துவது வேறு. பயம் வந்தால், எண்களைப் பிடித்து வைத்திருக்க வேண்டிய மனத்தின் இடத்தை அந்தப் பயமே அடைத்துக்கொள்ளும். தெரிந்த விடையும் போய்விடும். தொடக்கநிலை 1, 2ல் 2019 முதல் மதிப்பெண் சேரும் தேர்வே கிடையாது. பள்ளியே எடுத்துவிட்டதை நாம் ஏன் சனிக்கிழமை கீழ்த்தளத்தில் வைக்க வேண்டும்?

ஆனால் தட்டும் சந்தோஷத்தை எடுத்துவிடாதீர்கள், அது பிள்ளைகளின் உரிமை. ஆளுக்கு 0 முதல் 20 வரை எண் சீட்டுகள் கொடுங்கள். நீங்கள் கேள்வியைக் காட்டியதும் எல்லாரும் விடையைக் கவிழ்த்து வைக்கட்டும். மெதுவான பிள்ளைக்காகக் காத்திருந்து, "ஒன்று, இரண்டு, மூன்று" சொன்னதும் ஏழு பேரும் சேர்ந்து ஓங்கித் தட்டித் திருப்பட்டும். ஏழு விடையும் ஒன்றாக இருந்தால் கூட்டத்துக்கு ஒரு புள்ளி. வேறு வேறாக இருந்தால் யார் சரி என்று சொல்லாதீர்கள், "நீ எப்படிச் செய்தாய்" என்று மட்டும் கேளுங்கள். உண்மையான கணக்கு அந்த இடத்தில்தான் நடக்கிறது.

அடுத்தது பரமபதம். உங்கள் பலகையில் 1 முதல் 10 வரை இடமிருந்து வலம் போய், 11 முதல் 20 வரை வலமிருந்து இடம் திரும்புகிறதா? பெரியவர்களுக்கு அது பழக்கம். எண்கள் ஒரே திசையில் வளர்கின்றன என்ற படத்தையே இன்னும் மனதில் வரைந்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு அது பெரிய குழப்பம். ஒவ்வொரு வரிசையையும் இடப்பக்கமே தொடங்கி, கீழிருந்து மேலே ஏறுங்கள். அப்போது 7, 17, 27 ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும். பத்து கூட்டினால் ஒரு மாடி ஏறுகிறோம் என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். புளோக்கில் வளரும் பிள்ளைகளுக்கு மாடி ஏறுவதைச் சொல்லித்தர வேண்டுமா என்ன?

பாலர் பள்ளிக் குட்டிக்கு அதுவும் பெரிது. 1 முதல் 10 வரை நேர்கோட்டில் ஒரே ஒரு வரிசை போதும். ராபர்ட் சீக்லர், கீதா ராமணி என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் வருமானம் குறைந்த குடும்பத்துப் பாலர் பள்ளிப் பிள்ளைகளுடன் இதைச் செய்து 2008ல் வெளியிட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் நாலு முறை, ஒவ்வொரு முறையும் 15, 20 நிமிடம், அவ்வளவுதான் ஆட்டம். எது பெரிய எண், எந்த எண் எங்கே நிற்கும் என்பதில் பிள்ளைகள் நன்றாக முன்னேறினார்கள். ஒன்பது வாரம் கழித்துப் பார்த்தபோதும் அது நிலைத்திருந்தது. அதே பலகையில் எண்ணுக்குப் பதில் வெறும் நிறம் போட்டு விளையாடிய பிள்ளைகளுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. 5ல் நிற்கும் பிள்ளைக்கு 2 விழுந்தால் "ஒன்று, இரண்டு" என்று நகரக்கூடாது. கட்டத்தில் இருக்கும் எண்ணைப் படித்து "ஆறு, ஏழு" என்று சொல்லி நகர வேண்டும். நின்ற கட்டத்தையே 'ஒன்று' என்று எண்ணும் தொல்லையும் இதில் தானாகத் தீரும்.

"போர்" சொல்லும் சிறுமிக்கு: விளையாட்டு ஒன்று, பகடை வேறு. ஒரு தட்டில் மூன்று வகைப் பகடை வையுங்கள். 1, 2, 3 மட்டும் ஒட்டியது ஒன்று, சாதாரணப் பகடை ஒன்று, இரண்டு பகடையை உருட்டிப் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து நகர்வது ஒன்று. எதை எடுப்பது என்று பிள்ளையே முடிவு செய்யட்டும். "உனக்கு இதுதான்" என்று நீங்கள் நீட்டினால், பிரிக்க மாட்டேன் என்ற அந்த இரண்டு மேசையும் ஒரே மேசைக்குள் வந்துவிடும்.

மூடிகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சிவப்பு மூடி ஒன்றைப் பார்த்தால் அதில் ஐந்து எங்கே தெரிகிறது? முதலில் கையில், அப்புறம் படத்தில், அதற்கும் அப்புறம்தான் எண்ணில் என்பது நம் பள்ளிகளில் 1980களிலிருந்து வரும் வழி. ஜெரோம் புரூனர் என்ற உளவியலாளர் சொன்னதிலிருந்து எடுத்துக்கொண்டது. ஐஸ்கிரீம் குச்சியில் ஐந்து மூடிகளை ஒட்டுங்கள், அது 5. இரண்டு குச்சிகளைச் சேர்த்துக் கட்டினால் 10. ஐந்துக்கு ஐந்து கண்ணில் தெரிய வேண்டும், கையிலும் தட்டுப்பட வேண்டும்.

பச்சைத்தடமா சிவப்புத்தடமா

அக்கா, அந்த மலாய்ப் பையனை அதட்டியதற்கு அவனிடம் ஒரு மன்னிப்பு பாக்கி இருக்கலாம். எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே மாதிரி சேற்று நிறம். சின்ன வயதில் மாம்பழம் பழுத்ததா என்று பார்த்துவரச் சொல்லித் திட்டு வாங்கியவன். எம்ஆர்டி ரயில் வரைபடத்தில் வடக்கு தெற்குத் தடம் சிவப்பு, கிழக்கு மேற்குத் தடம் பச்சை என்பார்கள். எனக்கு நிறம் உதவாது. நிலைய எண்ணை வைத்துத்தான் பிழைக்கிறேன். உங்கள் ஈசூன் எனக்கு 'என்எஸ் 13'. நிறத்தோடு எழுத்தும் எண்ணும் போட்டவர் புண்ணியவான்.

இந்த நிறக்குருடு பெண்களைவிட ஆண்களுக்கு மிக அதிகம், பெரும்பாலும் அம்மா வழியாக வரும். அம்மாவுடைய அப்பாவுக்கு இருந்ததா என்று கேட்டால் சில வீடுகளில் பதில் உடனே வந்துவிடும். ஆனால் நீங்களாகப் பெயர் வைத்துவிடாதீர்கள். ஏற்கெனவே ஒரு அம்மாவை மருந்தகத்துக்கு அனுப்பிவிட்டீர்கள். மெதுவாகச் சொல்லுங்கள், கண் பரிசோதனையில் கேட்டுக்கொள்வார்கள்.

விளையாட்டுச் சாமான் செய்ததும் கைபேசியில் ஒரு படம் எடுத்து அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். அப்போதும் எது எது என்று தெரிந்தால் அந்தச் சாமான் எனக்கும் ஆகும். தெரியவில்லை என்றால் மூடியில் ஓட்டை போடுங்கள், பொத்தான் ஒட்டுங்கள், கயிறு சுற்றுங்கள். நிறம் இருக்கட்டும், அழகுக்கு. அடையாளம் அதுவாக மட்டும் இருக்க வேண்டாம்.

செங்காங் அம்மா

என் மகனுக்கு ஆட்டிசம், வயது எட்டு. உங்கள் மேல்மாடிச் சிறுமிக்கு என்ன என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டியதும் இல்லை. ஆனால் மேசைக்கு அடியில் இருக்கும் பிள்ளையோடு நானும் அடியில் உட்கார்ந்து பழகியவள், எங்கள் வீட்டில் உதவியதைச் சொல்கிறேன்.

பகடையைக் கடற்பஞ்சில் வெட்டிச் செய்யுங்கள். பாத்திரம் தேய்க்கும் பஞ்சு போதும், சத்தமே வராது. மேசைமேல் ஒரு துண்டு விரித்துவிடுங்கள். பாம்பு என்றால் கடிக்கும், இறங்க வேண்டும், அது அழுவதற்கான விஷயம் இல்லை என்பதை ஆட்டத்துக்கு முன்பே, எல்லாரும் அமைதியாக இருக்கும்போது, ஒரு முறை நடித்துக் காட்டுங்கள். விழுந்த பிறகு சொன்னால் எந்தப் பிள்ளையின் காதிலும் ஏறாது. இன்று என்னென்ன விளையாட்டு, எந்த வரிசையில் என்று ஒரு அட்டையில் படமாக வரைந்து நிறுத்தினால் பாதி அழுகை குறையும்.

கழிப்பறைப் பையனைப் பற்றிப் படித்ததும் சிரிப்பும் வந்தது, வயிறும் பிசைந்தது. என் மகனுக்கு 'பிறகு' என்று எழுதிய சீட்டு இரண்டு கொடுத்திருக்கிறேன். தன் முறை வேண்டாம் என்றால் அதை மேசையில் வைப்பான், யாரும் காரணம் கேட்கக்கூடாது. ஆட்டத்தை விட்டும் போக வேண்டியதில்லை. உங்கள் பையனுக்கு அந்தச் சீட்டை யாரும் கொடுக்கவில்லை. அவனாகவே ஒன்பதாவது மாடியில் ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டான்.

ஈசூன் கணக்குப்பிள்ளை

கடைசி வரியைப் படித்துவிட்டு அலுவலகத்தில் இரண்டு விலைப்பட்டியலை மாற்றிப் பதிந்துவிட்டேன்.

சாக்பீஸ் ஐயா, எல்லாம் சரி, 'தட்டு' விஷயத்தில் மட்டும் எனக்குச் சந்தேகம். எல்லாரும் சேர்ந்து ஒரு புள்ளி என்றால் பிள்ளைகள் ஒத்துக்கொள்வார்களா? போட்டி இல்லாத விளையாட்டு உப்பில்லாத உப்புமா மாதிரி இருக்காதா? அந்த நாலு பேர் வராமல் போய்விட்டால் என்ன செய்வது?

ஓய்வுபெற்ற சாக்பீஸ்

போட்டி இருக்கட்டும் அம்மா. போன வாரத்துக் கூட்டத்தோடு இந்த வாரக் கூட்டம் போட்டி போடட்டும். பத்துக் கேள்வியில் போன வாரம் நாலு, இந்த வாரம் எத்தனை? எழுதிவைக்கத்தான் நீங்கள் இருக்கிறீர்களே.

அந்தப் பையனைப் பற்றி ஒன்று கேட்கிறேன். பகடையில் 5 விழுந்தால் பார்த்தவுடன் 'ஐந்து' என்கிறானா, ஒவ்வொரு புள்ளியாக எண்ணுகிறானா? மூன்று நாலு பொருள் வரை நாம் எண்ணாமலே பார்த்துச் சொல்லிவிடுவோம். பகடைப் புள்ளிகளோ பழகிய முகம் மாதிரி. தொடக்கநிலை 2ல் இன்னும் தொட்டுத் தொட்டு எண்ணினால் அதைக் குறித்துவைத்து அவன் அம்மாவிடம் கொடுங்கள், வகுப்பாசிரியரிடம் காட்டட்டும். நோய்ப் பெயர் எதுவும் வேண்டாம். பார்த்ததை மட்டும் எழுதுங்கள்.

தேக்கா தாத்தா

எல்லாரும் புதிதாகச் செய்கிறீர்கள். பல்லாங்குழி என்று ஒன்று இருந்ததே, மறந்துபோயிற்றா? அந்த மலாய்ப் பிள்ளைகள் வீட்டில் கேட்டுப் பாருங்கள், சொங்காக் என்பார்கள். அண்ணன் தம்பி மாதிரியான ஆட்டங்கள். நம்முடையதில் பக்கத்துக்கு ஏழு குழி, மொத்தம் 14. என் ஆயா குழிக்கு ஐந்து போடுவார், 70 காய். அவர்களுடையதில் ஏழு ஏழு குழிகளோடு இரண்டு ஓரத்திலும் ஆளுக்கு ஒரு பெரிய வீடு. குழிக்கு ஏழு போட்டால் 98 காய். படிக்க வேண்டாம், மொழி வேண்டாம், பகடைச் சத்தம் இல்லை. ஒரு குழிக்கு ஒரு காய் என்று விரல் போட்டுக்கொண்டே போகும். கண் சரியாகத் தெரியாத என் மச்சான் தடவித் தடவியே என்னைத் தோற்கடித்தவர்.

பலகை வாங்காதீர்கள். கடையில் பத்து முட்டைப் பெட்டி வாங்குகிறோம் அல்லவா, ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை. அதுவே சின்னப் பிள்ளைகளுக்கு அளவான பல்லாங்குழி. குழிக்கு மூன்று காய் போடுங்கள், 30.

காய்க்கு மஞ்சாடி விதை பொறுக்கலாம். இங்கே சாகா என்பார்கள், பூங்காக்களில் அந்த மரத்தடியில் கிடக்கும். முழுச் சிவப்பாக இருப்பதை மட்டும் எடுங்கள். கறுப்புப் பொட்டு வைத்தது குன்றிமணி, அது விஷம், பிள்ளைகள் கையில் படக்கூடாது. வாயில் போடும் வயதுத் தம்பி தங்கை கூட வந்தால் எந்த விதையும் வேண்டாம், பெரிய பொத்தான் போதும்.

ஓய்வுபெற்ற சாக்பீஸ்

தாத்தா சொன்ன முட்டைப் பெட்டியை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. ஏழு குழியில் காய் போட்டு "பத்தாக இன்னும் எத்தனை" என்று கேட்டால், காலியாக இருக்கும் மூன்று குழி பதில் சொல்லும். பள்ளியில் இதே கட்டத்தை அட்டையில் அச்சடித்துக் கொடுப்போம். முட்டை வாங்கினால் இலவசமாகவே கிடைக்கிறது என்று எனக்கு 26 ஆண்டாகத் தோன்றவில்லை.

'கடை'க்கு மூடிகளே வேண்டாம் என்றால் நிஜ நாணயம் வையுங்கள். இப்போது பெற்றோர் எல்லாம் அட்டையைத் தட்டிப் பணம் கொடுத்துவிடுகிறார்கள், சில்லறையைக் கையில் வாங்கிப் பார்த்த பிள்ளைகள் குறைவு. 2013ல் வந்த வரிசையில் 5 காசிலிருந்து 1 வெள்ளி வரை மதிப்பு கூடக் கூட அளவும் கூடும், விளிம்பும் வேறுபடும். கண்ணை மூடிக்கொண்டும் விளையாடலாம். பழைய வரிசையை மட்டும் கலந்துவிடாதீர்கள், அதில் 1 வெள்ளி 50 காசைவிடச் சின்னது.

ஈசூன் கணக்குப்பிள்ளை

மூன்று சனிக்கிழமை ஆயிற்று. கணக்கு ஒப்படைக்கிறேன்.

முதலில் சொதப்பல்கள். மஞ்சாடி விதை கல்தரையில் உருண்டு, கூட்டிப் பெருக்கும் பெரியவர் ஒருவர் வழுக்கப் பார்த்தார். மன்னிப்புக் கேட்டு, காப்பி வாங்கிக் கொடுத்து, இப்போது பாய் விரித்துத்தான் பெட்டியைத் திறக்கிறோம். 'பிறகு' சீட்டுகளை ஆளுக்கு இரண்டு கொடுத்தேன். அந்த "போர்" சிறுமி ஒரே வாரத்தில் சந்தையே நடத்திவிட்டாள், ஒரு சீட்டுக்கு இரண்டு மிட்டாய். ஆட்டம் முடியும்போது அவளிடம் ஒன்பது சீட்டு. சின்ன வயதிலேயே என் முதலாளியைப் பார்த்த மாதிரி இருந்தது. அடுத்த வாரத்திலிருந்து சீட்டில் பெயர் எழுதிவிட்டேன். ஐந்து மூடி ஒட்டிய குச்சிகள் பசை காயாமல் பாதி உதிர்ந்துபோயின. நாணயத்துக்கு மாறிவிட்டோம், செலவு 3 வெள்ளி 40 காசு. அதில் ஒரு 20 காசைக் காணோம்.

மலாய்ப் பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்றே அவனுக்குப் புரியவில்லை, "இட்ஸ் ஓகே ஆன்ட்டி" என்றான். அவன் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னபோது அவர் உடனே, "என் அப்பா பச்சைச் சட்டையைப் பழுப்பு என்றுதான் சொல்வார்" என்றார். கண் பரிசோதனைக்கு அவர்களே நாள் வாங்கியிருக்கிறார்கள். இப்போது அவன்தான் எங்கள் காசாளர், நாணயங்களைத் தடவிப் பார்த்தே எடுத்துக் கொடுக்கிறான்.

மேல்மாடிச் சிறுமி பஞ்சுப் பகடையைப் பையில் போட்டு வீட்டுக்கே கொண்டுபோய்விட்டாள். பாம்பு கடித்தால் இன்னும் முகம் சுருங்குகிறது. மேசைக்கு அடியில் போனது மூன்று வாரத்தில் ஒரு முறைதான்.

'தட்டு' பற்றி நான் பயந்தது வீண். முதல் வாரம் ஏழு பேர் விடையும் ஒன்றாக வந்தது பத்துக்கு மூன்று, அடுத்து ஐந்து, நேற்று ஆறு. ஏழு கை ஒன்றாக விழும் சத்தத்தில் இரண்டாம் மாடியிலிருந்து ஒருவர் எட்டிப்பார்த்தார். அந்தச் சத்தத்துக்கு மட்டும் மேல்மாடிச் சிறுமி காதைப் பொத்துவதில்லை, அவளும் தட்டுகிறாள் அல்லவா. நாலு பேரில் ஒருவன் மட்டும் "முன்பு மாதிரி விளையாடலாம்" என்று இன்னும் கேட்கிறான். அவன்தான் முன்பு எப்போதும் ஜெயிப்பவன்.

நீங்கள் யாரும் சொல்லாத ஒன்றும் நடந்தது. நேர்கோட்டுப் பலகையை 20 வரை நீட்டியிருந்தோம். வீட்டில் எப்படி எண்ணுவீர்களோ அப்படி எண்ணி நகருங்கள் என்றேன். சீனச் சிறுமி பத்துக்கு அப்புறம் "ஷி யீ, ஷி அர்" என்று போனாள். அப்படி என்றால் என்ன என்று கேட்டதற்கு, "பத்து ஒன்று, பத்து இரண்டு" என்றாள். கழிப்பறைப் பையன் ஆரஞ்சு உரிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தான். "பதினொன்று கூட அப்படித்தானே ஆன்ட்டி? பத்து, ஒன்று!" என்றான். ஆங்கிலத்தில் 'இலெவன்', 'டுவெல்வ்' என்று இரண்டு வருடமாக அவன் மனப்பாடம் செய்த பெயர்களுக்குள்ளே எதுவும் இல்லை, தமிழில் ஒரு பத்து ஒளிந்திருக்கிறது. பன்னிரண்டு, பதின்மூன்று என்று 18 வரை அவனாகவே உடைத்துக்கொண்டு போனான். பத்தொன்பது வந்ததும், "இதில் பத்து அப்படியே இருக்கிறது" என்று சிரித்தான். தொண்ணூறில் ஏன் நூறு கேட்கிறது என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று எனக்குத்தான் பயம்.

ஐயா கேட்டதற்கும் பதில்: ஆமாம், பகடைப் புள்ளிகளைத் தொட்டுத் தொட்டுத்தான் எண்ணுகிறான், 6 விழுந்தாலும், 4 விழுந்தாலும். தேதி போட்டு எழுதி அவன் அம்மாவிடம் கொடுத்தேன். சிறுநீர்ப் பரிசோதனைக் கதையால் என்னைப் பார்த்ததும் முதலில் சங்கடப்பட்டார், படித்துவிட்டுப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டார். வகுப்பாசிரியரை இந்த வாரம் பார்க்கிறார்.

மூன்று வாரத்தில் அவன் மேலே போனது இரண்டு முறை. 'பிறகு' சீட்டைப் போட்டது ஐந்து முறை. நேற்று வீட்டிலிருந்து ஒரு பலகை வரைந்துகொண்டு வந்திருந்தான், 1 முதல் 30 வரை, எல்லா வரிசையும் இடமிருந்து வலம். பாம்பு இல்லை, ஏணி இல்லை, லிஃப்ட் மட்டும் மூன்று. 13ல் ஒரு கழிப்பறை. அதில் போய் நின்றால் ஒரு முறை காத்திருக்க வேண்டுமாம். நான் இரண்டு முறை அதில்தான் போய் உட்கார்ந்தேன்.